முதல் தட்டு

அத்தியாயம் 17

தண்ணீர் லாரி காலை ஐந்து ஐம்பதுக்கு வந்தது.

ரவாத் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்குப் போனபோது லாரிக்காரர் அபு நாசிஃப் குழாயைப் பாதி இழுத்துவிட்டிருந்தார்.

"ஊற்றுத் தண்ணியா?"

"ஊற்றுல முப்பது லாரி நிக்குது. மத்தியானத்துக்கு முன்னாடி எனக்கு முறை வராது. இது புழங்குற தண்ணி. வேணுமா வேணாமா, சீக்கிரம் சொல்லு. ரெண்டு தெரு காத்துக்கிட்டிருக்கு."

ஒன்பது நாளாக ஊர்க் குழாயில் தண்ணீர் இல்லை. ஆகஸ்டில் இது வழக்கம். வெளிநாட்டுக்குப் போனவர்கள் எல்லாம் வந்து இறங்கும் மாதம். ஊர் இரண்டு மடங்காகும். தண்ணீர் பாதியாகும்.

மொட்டை மாடியில் இரண்டு தொட்டிகள். கறுப்பு, குளியலறைக்கும் செடிகளுக்கும். நீலம், சமையலறைக்கு. நீலத்தில் ஊற்றுத் தண்ணீர் தவிர வேறு விழக் கூடாது. அது அம்மா நஜ்லாவின் சட்டம்.

கறுப்பு நிரம்பியது. லாரி போனது. ரவாத் நீலத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். அடியில் நான்கு விரல் தண்ணீர்.

கீழே அம்மா இறைச்சி அரைக்கும் சத்தம் கேட்டது. ஏழு மணிக்குக் கீரை கழுவத் தொடங்குவாள். ஊற்றுத் தண்ணீருக்கு நேற்றே சொல்லிவைக்கும்படி அவனிடம்தான் சொல்லியிருந்தாள். நேற்று அவன் நண்பர்களோடு கடலுக்குப் போயிருந்தான்.

இரண்டு தொட்டிகளுக்கும் நடுவே ஒரு வால்வு உண்டு. நீலத்தில் மிஞ்சினால் கறுப்புக்குத் தள்ளிவிட வைத்தது. எதிர்த்திசையில் அதை யாரும் பயன்படுத்தியதில்லை.

ரவாத் திறந்தான். தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. மத்தியானம் ஊற்று லாரி வந்ததும் மூடிவிடலாம் என்று நினைத்தான்.

எந்தக் கிணறு என்று அவன் அபு நாசிஃபிடம் கேட்டிருக்கவில்லை.

*

கணவர் தவ்ஃபீக் போன பனிக்காலத்தில் குவைத்துக்கு வேலைக்குப் போன பிறகு, நஜ்லா வீட்டின் கீழ்த்தளத்தில் சமையல் தொடங்கினாள். வெயில் காலத்துக்குச் சாலட். எல்லாக் காலத்துக்கும் பர்கர். ஆறே மாதத்தில் கூரா மலைச்சரிவு முழுக்க அவள் பேர் பரவியது.

எதிர்வீட்டு உம் ஷாதி தன் இளைய மகன் நதீமுக்கு நஜ்லாவின் மகள் யும்னாவைப் பெண் கேட்டது போன வாரம். கேட்டுவிட்டு, ஊர் வழக்கப்படி நஜ்லாவை மகன் பேரால் அழைத்து, ஒன்று சேர்த்துச் சொன்னாள்.

"நிச்சயத்துக்கு வெளி ஆள் சமைக்க வேண்டாம் உம் ரவாத். உன் கையாலேயே ஆகட்டும்."

அது மரியாதையா, பரீட்சையா என்று நஜ்லா இன்னும் முடிவு செய்யவில்லை.

இன்று அந்த நாள். இரண்டு மணிக்கு விருந்து, உம் ஷாதியின் வீட்டுத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே. நான்கு மணிக்குப் பாதிரியார் வந்து மோதிரங்களை ஆசீர்வதிப்பார். அறுபது பேர். உம் ஷாதியின் தம்பி சாவ் பாலோவிலிருந்து வந்திருந்தார். தங்கை சிட்னியிலிருந்து. மைத்துனர் லாகோஸிலிருந்து. யார் எங்கே பிழைக்கப் போனார்களோ அந்த ஊர் பர்கர் அவர்களுக்கு. பிரேசில்காரர்களுக்குப் பொரித்த முட்டையும் சோளமும் வைத்தது. சிட்னிக்கு வேகவைத்த பீட்ரூட், சுட்ட அன்னாசி. லாகோஸுக்கு மிளகாய் விழுதும் வறுத்த நேந்திரங்காயும். ஊரில் இருப்பவர்களுக்கு வெங்காயமும் பட்டையும் போட்டுப் பிசைந்த இறைச்சிக் கஃப்தா, மேலே எள்ளுச் சாந்து.

நஜ்லாவுக்கு இறைச்சியின் மீதுதான் பயம். ஆறு இருபதுக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஏழு மணிக்குத்தான் வரும்.

"அந்தத் தட்டு எவ்வளவு நேரமா வெளியில இருக்கு?"

"இப்பதாம்மா எடுத்தேன்," என்றாள் யும்னா. "பத்து நிமிஷம்."

"பூனைக்குப் போடு."

"ரெண்டு கிலோம்மா!"

"பூனைக்கும் நிச்சயதார்த்தம்னு நெனச்சுக்கோ. எடு."

யும்னா எடுத்தாள். அம்மாவிடம் இந்த விஷயத்தில் வாதாட முடியாது. மீதி இறைச்சியை நஜ்லா பனிக்கட்டிப் படுக்கையில் வைத்து, ஈரத் துணி போர்த்தி, நோயாளியைப் பார்ப்பது போல அரை மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

கீரையை மூன்று தண்ணீரில் கழுவினாள். முதல் தண்ணீரில் உப்பு. இரண்டாவதில் வினிகர். மூன்றாவது வெறும் தண்ணீர். எண்பது கட்டு பார்ஸ்லி, இருபது கட்டு புதினா, ஒரு கூடை பருப்புக்கீரை. ஈரம் போகத் துணியில் பரப்பினாள்.

"என் கீரையைப் பச்சைப் புள்ளைக்கு மருந்தா கொடுக்கலாம்," என்றாள்.

பத்து மணிக்கு யும்னா ரொட்டி வாங்கக் கிளம்பினாள்.

*

நஜ்லா பார்ஸ்லியை நறுக்கினாள். கத்தி ஒரே ஒரு தடவைதான் இறங்க வேண்டும். இரண்டாவது தடவை இறங்கினால் கீரை கறுக்கும். தக்காளி, வெங்காயம், ஒரு பிடி உடைத்த கோதுமை, எலுமிச்சை, எண்ணெய். தபூலே சாலட் தயாராக ஒரு மணி நேரம் ஆனது.

எதிர் மாடத்திலிருந்து குரல் வந்தது.

"உம் ரவாத்! அந்த வாசனை என்னைக் கொல்லுது!"

ஜுமானா. உம் ஷாதியின் மூத்த மருமகள். ஏழாவது மாதம். இதற்கு முன் இரண்டு தடவை நான்காம் மாதத்திலேயே கலைந்தது. இந்தத் தடவை அவளோடு சேர்ந்து தெருவே நாளை எண்ணிக்கொண்டிருந்தது.

நஜ்லா ஜன்னலுக்கு ஓடினாள்.

"ஆசைப்பட்டுட்டியா? முகத்தைத் தொடாதே! கையைப் பின்னாடி கட்டிக்கோ!"

மசக்கைக்காரி ஆசைப்பட்ட நேரத்தில் தன் உடம்பில் எங்கே கை வைக்கிறாளோ, பிள்ளைக்கு அங்கே மச்சம் விழும். கேட்டதை உடனே கொடுத்துவிட்டால் விழாது.

"கட்டிட்டேன்! மூக்கு வேற அரிக்குது, சீக்கிரம்!"

நஜ்லா சிரித்துக்கொண்டே நீலக் கரை போட்ட தட்டை எடுத்தாள். குவித்து வைத்தாள். சுற்றி லெட்டூஸ் இலைகளைச் செருகினாள். இன்று இந்தச் சமையலறையிலிருந்து போகிற முதல் தட்டு.

"ரவாத்! ஓடு. விருந்துக்கு முன்னாடி புள்ளைக்குப் பங்கு போகட்டும்."

ரவாத் தட்டை வாங்கினான். கதவருகில் நின்றான்.

"என்னடா?"

"இல்ல. மூணு தடவை கழுவினேல்ல?"

"நீ என்னைக்கு எனக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சே? போ. அவ மூக்கைச் சொறிஞ்சுட்டா நீதான் பொறுப்பு."

அவன் தெருவைக் கடந்தான். ஜுமானா கைகளைப் பின்னால் கட்டியபடியே படியிறங்கி வந்தாள். அங்கேயே, படியில் உட்கார்ந்து, இலையைக் கிண்ணம் போல மடித்து முதல் வாய் அள்ளினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"உங்கம்மா கை சொர்க்கத்துக்குப் போகும்," என்றாள்.

ரவாத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான்.

*

ரொட்டிக்கடை ஹன்னா அறுபத்தைந்து பன்களை எண்ணி அடுக்கினார்.

"அஞ்சு கூடுதலா வெச்சிருக்கேன் புதுப்பொண்ணே. உன் மாப்பிள்ளை ஒருத்தனே நாலு தின்பான்."

"அஞ்சாவது?"

"மாமியாருக்கு. வாய் நிறைய இருந்தா பேச மாட்டாங்க."

யும்னா சிரித்தாள். ஹன்னா சிரிக்கவில்லை. கடையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"ஒலிவச் செக்குக் கிணத்துல, தண்ணி எடுக்காதேன்னு சிவப்புத் தாள் ஒட்டினாங்களே, கேள்விப்பட்டியா?"

"இல்லையே. எப்போ?"

"நேத்து சாயங்காலம். கீழ்த்தெருப் புள்ளைங்க மூணு பேர் ஆஸ்பத்திரியில கெடக்கு. டைஃபாய்டுங்கறாங்க. கக்கூஸ் தண்ணி கிணத்துல கலந்திருக்காம். விடியறதுக்குள்ள தாளை யாரோ கிழிச்சுட்டாங்க."

"யாரு?"

"தண்ணி விக்கிறவனைத் தவிர யாருக்கும்மா அதுல வேலை?"

"எங்க வீட்டுல சமையலுக்கு ஊற்றுத் தண்ணிதான்," என்றாள் யும்னா.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." ஹன்னா பையின் வாயைக் கட்டினார். "ஊற்றுல பம்பு ரிப்பேர். ரெண்டு நாளா ஒரு லாரி ரொம்பல."

விடியற்காலை லாரி வந்த சத்தத்தை யும்னா தூக்கத்தில் கேட்டிருந்தாள்.

போனை வீட்டிலேயே விட்டு வந்திருந்தாள். அவள் காரை வேகமாக ஓட்டினாள். வழியில் ஒலிவத் தோப்புகள் அசையாமல் நின்றன. பெட்ரோல் வரிசை சாலையை அடைத்திருந்தது. அதைக் கடக்கவே இரண்டு மணி நேரம் போனது. வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று பத்து.

*

சமையலறையில் யாரும் இல்லை. மேசை துடைத்திருந்தது. பாத்திரங்கள் எதிர்வீட்டுக்குப் போய்விட்டன. பந்தலடியில் அம்மா அடுப்புக்கரியைப் பற்றவைக்கும் புகை தெரிந்தது.

கீரை கழுவிய மூன்றாவது தண்ணீரை நஜ்லா கொட்ட மாட்டாள். செடிக்கு வைப்பாள். அது பாத்திரம் கழுவும் தொட்டியோரம் ஒரு பெரிய பாத்திரத்தில் அசையாமல் நின்றிருந்தது.

யும்னா குனிந்து பார்த்தாள். மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். பழுப்பாக.

சமையல் எண்ணெயாக இருக்கலாம். விரலை விட்டு மோந்து பார்த்தாள்.

செக்குக் கழிவின் நாற்றம். நவம்பரில் ஒலிவக்காய் ஆட்டும்போது ஊர் முழுக்க வீசும் நாற்றம். கூராவில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆகஸ்டில் அது ஓர் இடத்தில் மட்டும்தான் இருக்கும், செக்குக் கிணற்றில்.

அவள் மாடிக்கு ஓடினாள்.

ரவாத் தொட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்தான். ஒரு கை வால்வில். மறு கையில் போன். அபு நாசிஃப் எடுக்கவில்லை.

"மூடிட்டியா?" என்றாள் யும்னா.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "இப்பதான்."

"எப்போ திறந்தே?"

"காலையில. மத்தியானம் ஊற்று லாரி வந்ததும் மூடிடலாம்னு நெனச்சேன். அது வரவே இல்ல."

"எந்தக் கிணறுன்னு கேட்டியா?"

"தெளிவா இருந்துச்சு யும்னா. கண்ணாடி மாதிரி."

"கேட்டியா?"

"கேக்கல."

யும்னா ஹன்னா சொன்னதைச் சொன்னாள். நான்கே வாக்கியம்.

"அம்மா மூணு தண்ணியில கழுவினா," என்றான்.

"மூணும் அதே தண்ணி."

எதிர்வீட்டு வாசலில் கார்கள் வந்து நின்றன. யாரோ ஒருவர் மகிழ்ச்சியில் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்.

"சாலட் எங்க?"

"பன்னிரண்டரைக்கே அங்க போயிடுச்சு. மேசையில இருக்கு."

"தின்ன ஆரம்பிச்சுட்டாங்களா?"

"ரெண்டு மணிக்குத்தானே."

"அதுக்கு முன்னாடி ஏதாவது வெளிய போச்சா? ருசி பார்க்க யாருக்காவது கொடுத்தீங்களா?"

ரவாத் போனைப் பார்த்தான்.

"ரவாத்."

"இல்ல."

"நிச்சயமா?"

"இல்லன்னு சொல்றேன்ல!" அவன் எழுந்தான். "யும்னா, அம்மாகிட்ட சொல்லாதே. இன்னிக்கு மட்டும். இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு நம்ம கதவை எவனும் தட்ட மாட்டான். உன் நிச்சயம் வேற."

"அம்மாகிட்ட சொல்ல நேரமில்ல," என்றாள் யும்னா. அவள் பாதிப் படி இறங்கிவிட்டிருந்தாள்.

*

பந்தலடியில் நீள மேசை. இறைச்சி வருமுன் சாலட் வரும். அப்படித்தான் எப்போதும். வந்தவர்கள் உட்காருவதற்கு முன்பே ஒரு இலை கிள்ளுவார்கள்.

யும்னா போனபோது பெரிய கிண்ணங்கள் மூடப்பட்டே இருந்தன. ஒன்றைத் தவிர. சிட்னியிலிருந்து வந்த தங்கையின் பேத்தி, நான்கு வயது, நாற்காலிமேல் ஏறி நின்று லெட்டூஸ் இலையை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

யும்னா அந்தக் கையைப் பிடித்தாள். சற்றுப் பலமாக. குழந்தை அழத் தொடங்கியது.

எல்லாரும் திரும்பினார்கள்.

உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தாள். வாயைத் திறந்தாள். அடுப்புக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள், வியர்வையோடு, கரண்டியோடு, ஆறு மாதத்தில் முதல் தடவையாகக் காதில் தங்கத் தோடு போட்டுக்கொண்டு.

"உப்பு," என்றாள் யும்னா. "ரெண்டு தடவை போட்டுட்டேன். எல்லாத்துலயும். வாயில வைக்க முடியாது."

உம் ஷாதி புருவத்தை உயர்த்தினாள்.

"மோதிரம் போடுறதுக்கு முன்னாடியே கை தடுமாறுதா? என் மகன் என்ன பாடு படப்போறானோ."

"நான் உப்பு தின்னே வளர்ந்தவன்மா," என்றான் நதீம். "உங்க சமையல்ல."

சிரிப்பு எழுந்தது. நஜ்லா சிரிக்கவில்லை. சாலடில் உப்புப் போட்டது அவள். யும்னா அதைத் தொடவே இல்லை. அவள் மகளின் கண்ணைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள் நஜ்லா. "எடுத்துட்டுப் போ. என் தப்புதான், நான் பார்த்திருக்கணும்."

யும்னா கிண்ணங்களைத் தூக்கினாள். போகிற வழியில் அடுப்பருகே குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"பர்கர்ல இலை வைக்காதே. தக்காளி வேண்டாம். பச்சை வெங்காயமும் வேண்டாம். ஊறுகாய் மட்டும்."

"யும்னா, என்ன நடந்துச்சு?"

"அப்புறம்மா."

நஜ்லா லெட்டூஸ் தட்டை எடுத்து நெருப்பில் கவிழ்த்தாள். பச்சை இலைகள் சுருண்டு கறுத்தன.

விருந்து தொடங்கியது. சாவ் பாலோ மாமா முட்டையின் மஞ்சள் சட்டையில் ஒழுக ஒழுகத் தின்றார். லாகோஸ்காரர் மிளகாயில் கண்ணீர் விட்டு, இன்னொன்று கேட்டார். உம் ஷாதி கஃப்தாவைப் பாதி தின்றுவிட்டுத் தலையசைத்தாள். பரீட்சையில் நஜ்லா தேறிவிட்டாள்.

*

விருந்து முடிந்ததும் எதிர்வீட்டுச் சமையலறையில் யும்னா தனியாக நின்று ஒவ்வொரு கிண்ணமாகக் குப்பைப் பையில் வழித்துப் போட்டாள். தபூலே. ரொட்டித் துண்டுகள் கலந்த ஃபத்தூஷ். தர்பூசணியும் வெண்பாலாடைக் கட்டியும் கலந்தது. மேலே தூவிய புதினா அந்தக் கீரைதான். எலுமிச்சையின் வாசனை எழுந்தது. நன்றாகத்தான் மணத்தது.

யாரும் தின்னவில்லை. குழந்தையின் இலை வாய்க்குப் போகவில்லை. குடிக்கப் பாட்டில் தண்ணீர். பனிக்கட்டி கடையில் வாங்கியது. அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எதுவும் விடுபடவில்லை.

நான்கு மணி ஆக இன்னும் ஐம்பது நிமிடம். இரவு அம்மாவிடம் சொல்லிவிடலாம். நாளைக் காலை கீழ்த்தெருவுக்கும், நகராட்சிக்கும், அபு நாசிஃபின் வாசலுக்கும் போகலாம்.

பின்னால் காலடிச் சத்தம். வெறுங்கால்.

ஜுமானா கதவில் சாய்ந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது, வெயிலாக இருக்கலாம். ஒரு கை வயிற்றின் மேல். மறு கையில் ஒரு தட்டு. அதில் ஐந்து அத்திப்பழங்கள்.

"வெறும் தட்டைத் திருப்பித் தரக் கூடாதுல்ல," என்றாள். "எங்க மரத்துல பழுத்தது. உங்கம்மாகிட்ட கொடு."

யும்னா தட்டைப் பார்த்தாள். நீலக் கரை. அவர்கள் வீட்டுத் தட்டு.

"இது எப்போ வந்துச்சு?"

"பதினோரு மணிக்கு. ரவாத் கொண்டுவந்தான். நான் ஒரு இலை மிச்சம் வைக்கல." ஜுமானா தட்டை மேசைமேல் வைத்தாள். குப்பைப் பையைப் பார்த்தாள். அதிலிருந்து எட்டிப் பார்த்த பச்சையைப் பார்த்தாள். பிறகு யும்னாவை.

வெளியே மறுபடி குலவைச் சத்தம் எழுந்தது. பாதிரியார் சீக்கிரமே வந்துவிட்டார்.

ஜுமானா கதவைச் சாத்தினாள்.

"அதுல உப்பு சரியாத்தான் இருந்துச்சு யும்னா. வெளிய இருக்கறவங்ககிட்ட நீ என்ன வேணா சொல்லிக்கோ. எங்கிட்ட சொல்லு, நான் என்ன தின்னேன்?"